நரம்பு நோய் பெருகிவிட்டதா, வயது கூடிவிட்டதா?

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் நரம்பியல் பிரிவின் வாசலைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வராமல் இருக்காது. அன்னூர், காங்கேயம், கோபி, பொள்ளாச்சி என்று நாலு திசையிலிருந்தும் வந்திருப்பார்கள். ஒருவருக்குக் கை நடுக்கம். இன்னொருவருக்குப் பாதம் மரத்துப்போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குச் சொந்த மகனை அடையாளம் தெரியவில்லை. "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏதுங்க? எங்க அப்பாரு கடைசி வரைக்கும் ஏரு ஓட்டுனாரு" என்ற பேச்சும் அங்கேயே கேட்கும்.

செய்திகளும் இதற்குத் தூபம் போட்டன. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 340 கோடிப் பேர், அதாவது 100இல் 43 பேர், ஏதோ ஒரு நரம்பு மண்டலக் கோளாறுடன் வாழ்கிறார்கள் என்று 2024 மார்ச்சில் லான்செட் நியூராலஜி இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. உடனே உரம், பூச்சிமருந்து, பிராய்லர் கோழி, செல்போன் டவர் என்று குற்றவாளிகளைத் தேடத் தொடங்கிவிட்டோம்.

அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருந்தது. அதைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. இந்த நோய்களால் இழந்த ஆரோக்கியமான ஆண்டுகளின் மொத்தம் 1990க்கும் 2021க்கும் இடையில் 18 சதவீதம் கூடியது. வயதைச் சமன்செய்து பார்த்தால் அது 27 சதவீதம் குறைந்திருக்கிறது. கூடியதும் உண்மை, குறைந்ததும் உண்மை. இது எப்படி என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், எதையெல்லாம் நரம்பு நோய் என்கிறோம்?

மூளை, தண்டுவடம், அவற்றிலிருந்து கை கால்களுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் போகும் நரம்பு இழைகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் நரம்பு மண்டலம். இதில் எங்கே பழுது வந்தாலும் அது இந்தக் கணக்கில் சேரும். ஆகவே அந்த 340 கோடியில் ஒற்றைத் தலைவலிக்காரரும் இருக்கிறார், படுத்த படுக்கையாக இருப்பவரும் இருக்கிறார். 43 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து மிரளவேண்டியதில்லை என்பதற்கு இதுவே முதல் காரணம்.

அதிகச் சேதம் விளைவிப்பவை என்று அந்த ஆய்வு பட்டியலிட்டவற்றில் பக்கவாதம், பிறக்கும்போது குழந்தைக்கு ஏற்படும் மூளைப் பாதிப்பு, ஒற்றைத் தலைவலி, மறதி நோய், சர்க்கரையால் வரும் நரம்புச் சேதம், மூளைக் காய்ச்சல், வலிப்பு ஆகியவை முன்னணியில் இருக்கின்றன. இவற்றில் வயதோடு நேரடியாகப் பிணைந்தவை பக்கவாதம், மறதி நோய், சர்க்கரை நரம்புச் சேதம் ஆகிய மூன்று. இவற்றோடு நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சனையும் சேர்த்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை பேசுவது இந்த நான்கைப் பற்றித்தான்.

காலில் நீலமாகப் புடைத்து நிற்கும் 'நரம்புச் சுருட்டல்' இதில் வராது. அது ரத்தக் குழாய்ச் சமாச்சாரம். பேருந்து நிலையச் சுவர்களில் வாலிபர்களைப் பயமுறுத்தி விளம்பரம் செய்கிறார்களே, அந்த 'நரம்புத் தளர்ச்சி'க்கும் இங்கே வேலையில்லை. அது வியாபாரம்.

ஆயுள் எவ்வளவு கூடியிருக்கிறது?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகளைக்கூடத் தொடவில்லை. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. ஊரைக் காலிசெய்துவிட்டு ஓடவைத்த அந்தக் காலத்தின் சாட்சி அவை. பெருந்துறையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம் ஒருகாலத்தில் காசநோய் சானடோரியம். மக்களைக் கொன்ற நோய்களின் பட்டியல் அப்போது வேறாக இருந்தது.

1970களின் முற்பாதியில் தமிழ்நாட்டின் சராசரி ஆயுள் 50 வயதை ஒட்டி நின்றது. 2016-20 காலக் கணக்கில் அது 73ஐ ஒட்டி வந்துவிட்டது. ஒரு தலைமுறைக்குச் சற்று அதிகமான காலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கூடியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சராசரி ஆயுள் 50 என்றால் எல்லோரும் 50 வயதில் செத்துப்போனார்கள் என்று பொருள் இல்லை. பிறந்த ஒரு வருடத்துக்குள் இறந்த குழந்தைகள் ஏராளம். பிரசவத்தில் போன தாய்மார்கள் பலர். அவர்கள்தான் சராசரியைக் கீழே இழுத்தார்கள். இதையெல்லாம் தாண்டியவர்களில் 80 வயது வரை இருந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. "எங்க அப்பாரு 90 வயசு வரைக்கும் இருந்தாரு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த அப்பாருவின் கூடப் பிறந்தவர்களில் எத்தனை பேர் 60ஐப் பார்த்தார்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். நம் நினைவில் நிற்பது தப்பிப் பிழைத்தவர்கள்; போனவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

ஆயுள் கூடியது ஒரு பக்கம், பிறப்பு குறைந்தது மறுபக்கம். கொங்கு மாவட்டங்களில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிள்ளைகள் என்ற வழக்கம் தமிழ்நாட்டின் மற்ற பல பகுதிகளை விட முன்னாலேயே வேரூன்றிவிட்டது. அடிப்பக்கம் சுருங்க, மேல்பக்கம் அகல, முதியவர்களின் விகிதம் தானாக ஏறும். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1000 பேர் உள்ள ஒரு ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது என்பது அண்மைய தேசிய ஆய்வு ஒன்றின் மதிப்பீடு. நாடு முழுக்க ஏறக்குறைய 88 லட்சம் பேர். அந்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. பழைய காலத்தில் இந்த ஊரில் 60 வயதைக் கடந்தவர்கள் 60 பேர் என்று வைப்போம். 7.4 சதவீதம் என்றால் 4 பேருக்கு மறதி நோய்.

2. இன்று அதே ஊரில் 60ஐக் கடந்தவர்கள் 136 பேர். அதே 7.4 சதவீதம்தான். ஆனால் நோயாளிகள் 10 பேர். யாருடைய சாப்பாடும் மாறவில்லை, எந்த விஷமும் புதிதாக வரவில்லை. 4 பேர் 10 பேராகிவிட்டார்கள்.

3. இன்னும் ஒரு படி போவோம். நல்ல படிப்பு, ரத்த அழுத்த மாத்திரை இவற்றால் ஒவ்வொருவருக்குமான ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று வைப்போம். அப்போதும் 8 பேர் வருவார்கள். ஒவ்வொரு தனி ஆளுக்கும் ஆபத்து குறைந்திருக்கிறது. ஊருக்கு நோயாளிகள் இரட்டிப்பாகியிருக்கிறார்கள்.

முன்பு பார்த்த 18 சதவீத ஏற்றமும் 27 சதவீத இறக்கமும் ஒரே ஆய்வில் வந்தது இப்படித்தான். வயதைச் சமன்செய்வது என்றால் அன்றைய 70 வயதுக்காரரோடு இன்றைய 70 வயதுக்காரரை ஒப்பிடுவது. வெறும் தலையெண்ணிக்கை அதைச் செய்வதில்லை. மூன்றாவது படியில் சொன்ன ஐந்தில் ஒரு பங்கு வெறும் கற்பனையும் இல்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் பல பத்தாண்டுகளாக மக்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், புதிதாக மறதி நோய் வருவது பத்தாண்டுக்கு ஏறக்குறைய 20 சதவீதம் வீதம் குறைந்துவந்ததாக 2016இல் தெரியவந்தது.

உண்மையில் மேலே போட்ட கணக்கு கொஞ்சம் தோராயமானது. 60ஐக் கடந்த எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறேன். 65க்கு மேல் ஒவ்வொரு ஐந்து ஆண்டுக்கும் மறதி நோயின் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 80ஐத் தாண்டியவர்கள் கூடக்கூட எண்ணிக்கை இதைவிட வேகமாக ஏறும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ஊரில் இன்று எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்பது, புதிதாக எத்தனை பேருக்கு நோய் வருகிறது, வந்தவர்கள் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது. பக்கவாதம் வந்து ஒரு வாரத்தில் இறந்தவர் நோயாளிக் கணக்கில் ஒரு வாரம்தான் இருந்தார். பிழைத்து, ஒரு கை விளங்காமல் 15 வருடம் வாழ்பவர் 15 வருடமும் கணக்கில் இருக்கிறார். வைத்தியம் நன்றாக இருக்கிற ஊரில்தான் நோயாளிகள் அதிகம் தெரிவார்கள்.

பார்க்கிறவர் யார் என்பதும் முக்கியம். இன்று 40 வயதில் இருக்கும் ஒரு தம்பதிக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் உயிரோடு இருக்கிறார்கள். வீட்டில் இரண்டு பேர், கவனிக்க வேண்டிய முதியவர்கள் நான்கு பேர். நான்கில் ஒருவருக்காவது ஏதோ ஒரு நரம்புத் தொந்தரவு இருப்பது அதிசயமில்லை. ஆஸ்பத்திரி வாசல் கூட்டத்தையும் அப்படியே அளவுகோலாக எடுக்கமுடியாது. நீலகிரியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கோவைக்குத்தான் வருகிறார்கள்.

நரம்புக்கு மட்டும் ஏன் வயது ஒத்துக்கொள்வதில்லை?

தோல் செல் செத்தால் புதுச் செல் வருகிறது. நரம்புச் செல்லுக்கு அந்த வசதி கிட்டத்தட்ட இல்லை. மூளையில் உள்ள ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்களில் மிகப் பெரும்பாலானவை நாம் பிறந்தபோதே வந்தவை. 75 வயதுக்காரரின் மூளைச் செல்லுக்கும் வயது 75தான்.

சும்மா இருந்தே பழசாகும் செல்லும் இல்லை அது. உடம்பு எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைத் தின்கிறது. ரத்தக் குழாய் கொஞ்சம் அடைத்தாலும் முதலில் தவிப்பது அதுதான். இவ்வளவு வேலை செய்யும் செல்லில் கழிவும் சேரும். அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் மறதி நோயிலும், ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் பார்க்கின்சனிலும் ஒழுங்கற்று மடிந்து, படிந்து, செல்லைக் கெடுக்கின்றன.

கை கால் நரம்புகளுக்கு வேறு சிக்கல்: நீளம். கால் பெருவிரலுக்குப் போகும் நரம்பு இழையின் தாய்ச்செல் முதுகுத்தண்டை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே செல்லின் இழை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடைதான் முதலில் காயும், இங்கேயும் அப்படித்தான். சர்க்கரையோ வைட்டமின் குறைவோ சாராயமோ எது கெடுத்தாலும் மரத்துப்போவது கால்விரலில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்காலை நெருங்கும் சமயத்தில்தான் கைவிரல் நுனிகளில் தொடங்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, இந்த நோய்கள் எடுத்துக்கொள்ளும் காலம். நரம்பு மண்டலத்தில் இருப்பு தாராளமாக உண்டு. பார்க்கின்சனில், உடல் அசைவுகளுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களில் பாதியை ஒட்டி அழிந்த பிறகுதான் கை நடுக்கம் வெளியே தெரிகிறது. மறதி நோயில் அமிலாய்டு படிவது, முதல் தடுமாற்றத்துக்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அப்படியானால் 58 வயதில் காசநோயிலோ மாரடைப்பிலோ இறந்த எத்தனையோ பேரின் மூளையில் இந்த வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்திருக்கும். வெளியே தெரிய அவகாசம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நோய் புதிதாக முளைக்கவில்லை. அது வெளிப்படும் வயதுவரை நாம்தான் இப்போது இருக்கிறோம்.

முன்பும் இருந்தது, வேறு பெயரில்

நடுக்குவாதம் பற்றி ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் தன் குறிப்பை வெளியிட்டது 1817இல். ஆலோயிஸ் அல்ஸைமர் மறதி நோய் கண்ட தன் நோயாளியைப் பற்றி ஜெர்மனியில் பேசியது 1906இல். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே நம் வைத்தியத்தில் நடுக்குவாதத்துக்குக் கம்பவாதம் என்ற பெயர் இருந்தது. அதற்குத் தரப்பட்ட மருந்துகளில் ஒன்று பூனைக்காலி விதை. வேலியோரத்தில் படர்ந்து கிடக்கும், சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் அதே கொடிதான். அந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளை 1937இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். பார்க்கின்சனுக்கு அது மருந்தாகும் என்று உலகத்துக்குத் தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1960களின் இறுதியிலிருந்து இன்றுவரை அந்த நோய்க்கு முதன்மை மருந்து எல்-டோபாதான். அதற்காகப் பூனைக்காலிப் பொடியை வாங்கித் தின்ன வேண்டாம். அளவு தெரியாமல் எடுத்தால் வாந்தி, தலைச்சுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரும்.

பெயர் இருந்தும் ஏன் கண்ணில் படவில்லை? வயதானவருக்குக் கை ஆடினால் அது வயது. "நெனப்பு தப்பிருச்சு" என்று சொல்லிவிட்டால் அதுவும் வயது. பெரிய குடும்பத்தில் திண்ணையில் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பேரன் பேத்திகளில் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சாப்பாடு போட்டுவிடுவார்கள். அவருக்குத் தனியாக வங்கிக்குப் போகும் வேலையோ, ஏடிஎம் எண்ணை நினைவில் வைக்கும் வேலையோ இல்லை. இப்போது ஓய்வூதியம் வாங்குபவரின் கையெழுத்து வங்கியில் உள்ள மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் முதல் நாளே தெரிந்துவிடுகிறது. பார்க்கின்சனில் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகும். வரியின் தொடக்கத்தில் ஒரு அளவு, முடிவில் எறும்பு அளவு. நடுக்கம் வரும் முன்பே சிலரிடம் இது தெரியும். அதற்கும் பல வருடம் முன்பே வாசனை போய்விடும். அடுப்பில் தாளிப்பு கருகுவது தெரியாது. மலச்சிக்கல் தொடங்கியிருக்கும். இதற்கெல்லாம் யாரும் நரம்பு டாக்டரிடம் போவதில்லை.

கருவியும் அப்போது இல்லை. முதல் சிடி ஸ்கேன் மனிதர் ஒருவருக்கு எடுக்கப்பட்டதே 1971இல், லண்டனில். மூளைக்குள் கசிந்தது ரத்தமா, குழாய் அடைப்பா என்பதைத் தலையைத் திறக்காமல் உறுதியாகச் சொல்ல அதற்கு முன் வழியில்லை.

நரம்பைத் தாக்கிய நோய்கள் அந்தக் காலத்தில் குறைவாக இருந்தனவா என்றால் அதுவும் இல்லை. போலியோ தாக்குவது தண்டுவடத்தை. தொழுநோய் தின்பது கை கால் நரம்புகளை. பிறந்த குழந்தைகளைக் கொன்ற டெட்டனஸ் நரம்பு வழியாகத்தான் கொன்றது. இவற்றை நாம் 'நரம்பு நோய்' என்ற பட்டியலில் வைக்கவில்லை, அவ்வளவே. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். பிறந்த குழந்தைக்கும் தாய்க்கும் வரும் டெட்டனஸ் ஒழிந்ததாக 2015இல் அறிவிக்கப்பட்டது. குழந்தைகளிடமிருந்து விலகிய பாரம், பாட்டன் பாட்டிகளின் பக்கம் வந்து நிற்கிறது.

உண்மையாகவே கூடியது எது?

இதுவரை படித்துவிட்டு "அப்ப எல்லாம் வயசுதான்" என்று முடித்துக்கொண்டால் அது தவறு. வயதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கூடியவை இருக்கின்றன. என் கணிப்பில் கொங்கு நாட்டில் முதல் இடம் சர்க்கரைக்குத்தான்.

1990 முதல் உலகில் மிக வேகமாகப் பெருகிய நரம்புக் கோளாறு சர்க்கரையால் வரும் நரம்புச் சேதம்; மூன்று மடங்குக்கு மேல் ஏறி 2021இல் 20.6 கோடிப் பேரைத் தொட்டது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்றது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏர், ஏற்றம், களைவெட்டு என்று உடம்பு வளைந்த ஊர்களில் இப்போது டிராக்டர், மோட்டார், களைக்கொல்லி. கம்பும் ராகியும் இருந்த தட்டில் மூன்று வேளையும் அரிசி. நேரங்கெட்ட நேரத்தில் ஷிப்ட், அதற்கு இடையில் நாலு டீ. இது வயது செய்த வேலை இல்லை.

சேதம் தொடங்கிய பாதம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ராத்திரியில் எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி. போர்வை பட்டால்கூடத் தாங்காது. கொஞ்ச காலத்தில் எரிச்சல் குறையும். சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். நரம்பு மேலும் செத்ததால் வந்த நிம்மதியாகவும் அது இருக்கலாம். அப்புறம் மதமதப்பு, தரையில் நடப்பது மெத்தையில் நடப்பதுபோல இருக்கும். நடக்கும்போது செருப்பு காலைவிட்டு நழுவியது தெரியாமல் நாலு அடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பார். இந்த ஒன்று நடந்துவிட்டால், இனி காட்டுக்குள் வேலிக்காத்தான் முள் ஏறினாலும் தெரியாது. முள் உள்ளேயே இருந்து சீழ் வைத்து, வாடை வந்த பிறகு வீட்டில் இருப்பவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள். விரலை எடுக்கும் நிலைமைக்குப் போவதெல்லாம் பெரும்பாலும் இப்படித் தொடங்கியதுதான். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். பாதத்தில் ஒரு நைலான் இழையை அழுத்தியும், அதிரும் இசைக்கவையை வைத்தும் "தெரியுதா?" என்று கேட்கும் இரண்டு நிமிடச் சோதனை போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மாத்திரை வாங்குபவர்களில் எத்தனை பேர் டாக்டர் முன்னால் செருப்பைக் கழற்றியிருப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தால் சங்கடமாக இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

பார்க்கின்சன்: 1990இல் உலகில் 25 லட்சம் பேர், 2016இல் 61 லட்சம். இதில் பெரும்பகுதி மக்கள்தொகையும் முதுமையும். ஆனால் வயதைச் சமன்செய்த பிறகும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஏற்றம் மிஞ்சுகிறது. பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளோடும் ரோட்டினோன் போன்ற பூச்சிமருந்துகளோடும் அதிகம் புழங்கியவர்களிடம் பார்க்கின்சன் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக மருந்தடித்த காட்டுக் காய்கறியைத் தின்ற எல்லோருக்கும் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. கவலைப்பட வேண்டியவர் முகமூடியும் கையுறையும் இல்லாமல் முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்து மருந்தடிப்பவர்.

தறிச் சத்தம்: சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களில் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். முப்பது வருடம் அதற்குள் நின்றவருக்குக் காது மந்தமாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காது கேளாமைக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டு. தவிர்க்கக்கூடிய அல்லது தள்ளிப்போடக்கூடிய காரணங்களாக 14ஐ 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, படிப்பின்மை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் மதிப்பீடு. காது மெஷின் வைத்துக்கொள்ளக் கூச்சப்படும் அப்புச்சிகளுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

குடும்பத்துக்கும் சொத்துக்கும் என்ன ஆகிறது

ஒரே மகன் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தோட்டத்து வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் என்பது இன்று கொங்கு நாட்டில் சாதாரணக் காட்சி. இவர்களில் ஒருவருக்கு மறதி நோய் வந்தால் இன்னொருவர் 24 மணி நேரமும் காவல் இருக்க வேண்டும். கிணறு, மோட்டார் ஸ்டார்ட்டர், மாடு என்று தோட்டத்தில் ஆபத்துக்குக் குறைவில்லை. காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவைத்தான் பார்க்கின்றன. வீட்டில் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் செலவு குடும்பத்தின் தலையில்தான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் கொண்டுவருவது இந்த இடத்தில் பெரிய உதவி. ரத்த அழுத்த மாத்திரை விடாமல் கையில் கிடைப்பதே பாதிப் பக்கவாதத் தடுப்பு.

நிலம் இருக்கும் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் வரும். நினைவு தடுமாறத் தொடங்கிய பெரியவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் செட்டில்மென்ட் எழுதி வாங்குவதும், பிறகு "சுயநினைவோடு எழுதவில்லை" என்று அது வழக்காவதும் நடக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்க 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

'வயசு' என்று விட்டுவிடக் கூடாதவை

நோயாளிகள் கூடியதற்குக் காரணம் வயது என்பது ஊருக்கான பதில். நம் வீட்டில் ஒருவருக்குத் தொந்தரவு வரும்போது அந்தப் பதில் செல்லாது. கீழே உள்ளவை திரும்பக்கூடியவை, அல்லது நிறுத்தக்கூடியவை.

1. வைட்டமின் பி12 குறைவு. கால் மதமதப்பு, தள்ளாட்டம், மறதி மூன்றும் வரலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாக எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ரத்தச் சோதனையில் தெரியும். ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகும். ஆனால் சோதனை செய்யாமல் மாதாமாதம் 'நரம்பு ஊசி' போட்டுக்கொள்வது வைத்தியம் ஆகாது.

2. தைராய்டு குறைவு, மனச்சோர்வு. இரண்டும் மறதி நோய் மாதிரியே தோற்றம் காட்டும். துணையை இழந்த பெரியவர் பேச்சைக் குறைத்து, பெயர்களை மறந்தால் மூளைதான் தேய்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

3. தலையில் மெல்லக் கசியும் ரத்தம். மொபெட்டிலிருந்து சாய்ந்திருப்பார், அல்லது குளியலறையில் வழுக்கியிருப்பார். காயம்கூட இருக்காது, வீட்டில் சொல்லியிருக்கவும் மாட்டார். மூன்று, நான்கு வாரம் கழித்துத் தூக்கம், தலைவலி, குழப்பம், நடையில் தடுமாற்றம் என்று வரும். ஒரு சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும். சிறிய அறுவையில் ரத்தத்தை வடித்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். வருடக்கணக்கில் வந்த மறதி வேறு, வாரக்கணக்கில் வந்த மறதி வேறு.

4. திடீரென்று வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சு குழறுவது. இது பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் ஸ்கேனும் முடிந்திருக்க வேண்டும். தாராபுரம் பக்கம் உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து கிளம்பினால் பாதி நேரம் ரோட்டிலேயே போய்விடும். எனவே 108க்கு உடனே பேச வேண்டும். சிடி ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். சோடாவோ காப்பியோ கஷாயமோ வாயில் ஊற்றக் கூடாது; விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று கூட இருப்பவர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவெடுப்பது அந்த மணிக்கணக்கை வைத்துத்தான்.